வெயில் தாழ வாங்க: தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்க்கிறார்கள், வெளியே வந்ததும் நிழல் தேடுகிறார்கள், கிடைக்காமல் வண்டியில் ஏறி ஏசியைப் போட்டுக்கொண்டு கும்பகோணம் கிளம்பிவிடுகிறார்கள். கோயிலுக்கு வடக்கே நடந்து போகிற தூரத்தில் நூற்றைம்பது வருடப் பூங்கா ஒன்று இருக்கிறது, அதற்குள் அதைவிடப் பழைய குளம் ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சொன்னாலும், "குழந்தைகள் விளையாடுற பார்க்குதானே" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஒரு மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பெரியம்மாவை நானே தப்பான நேரத்தில் கூட்டிப் போனேன். கோயிலுக்குள் நுழையும்போது மணி பதினொன்றரை. வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால் கல்தரை தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. பெரியம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்குக் குதிகாலில் ஓடினார். பன்னிரண்டரைக்கு நடை சாத்தி வெளியே வந்தபோது பாதம் சிவந்து, முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்போதும் நான் விடவில்லை, "பக்கத்தில்தான் பூங்கா, நடந்துவிடலாம்" என்றேன். பத்தடி போவதற்குள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பூக்கடை அம்மா ஒருவர் ஓடி வந்து தன் ஸ்டூலைப் போட்டார். "தம்பி, அம்மாவ மொதல்ல நெழல்ல உக்கார வை. குளம் எங்க போயிடப் போவுது? வெயில் தாழ வாங்க" என்றார். அன்றிலிருந்து வெளியூரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இந்த மூன்று சொற்களைத்தான். வெயில் தாழ வாங்க. முதலில் பூங்கா, அப்புறம் கோயில்.

எப்போது வருவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை டெல்டாவில் இதமான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், குளத்தில் தண்ணீர் இருக்கும், ஊரைச் சுற்றி சம்பா கதிர் முற்றி நிற்கும். முதல்முறை வருகிறவர்கள் இந்த மாதங்களில் வருவது நல்லது. அக்டோபர், நவம்பரில் மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. குடையோடு வரத் தயார் என்றால் மழை விட்ட மறுநாள்போல் அழகான நாள் கிடையாது.

மே முதல் வாரம் அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கும், கடைசி வாரம் வரை போகும். பள்ளி விடுமுறை என்பதால் பலருக்கு அப்போதுதான் வர முடிகிறது. வரலாம், மாலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்திலிருந்து மூன்று வரை அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

கூட்டத்தையும் யோசிக்க வேண்டும். பிரதோஷத்தன்று மாலை நந்திக்கு அபிஷேகம் பார்க்க ஊரே கோயிலில் நிற்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஐப்பசி சதயம் ராஜராஜன் பிறந்த நட்சத்திரம். சதய விழா நாட்களிலும் அப்படித்தான். காணும் பொங்கலன்று பூங்காவில் உட்கார இடம் தேடுவதே வேலையாகிவிடும். திருவிழா பார்க்க வேண்டும் என்று வந்தால் அது வேறு. அமைதியாகக் குளக்கரையில் உட்கார வேண்டும் என்றால் சாதாரண செவ்வாய், புதன் போன்ற நாள் போதும்.

வந்து சேர்வது

சென்னையிலிருந்து உழவன் விரைவு ரயிலில் இரவு ஏறினால் விடியலில் தஞ்சாவூர். திருச்சியிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வெளியூர் பஸ்கள் பலவும் புதிய பேருந்து நிலையத்தில்தான் இறக்கிவிடும். அது ஊருக்கு வெளியே இருக்கிறது. இறங்கியதும் ஆட்டோ பேசாதீர்கள், பழைய பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ் போய்க்கொண்டே இருக்கும். அங்கிருந்து கோயிலும் பூங்காவும் கிட்டம்.

ரயிலில் வந்தவர்கள் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வரலாம், இரண்டு கிலோமீட்டருக்குள்தான். வழியில் ஆற்றுப்பாலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பாலத்துக்குக் கீழே இருப்பது கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணை வந்த 1934-ஐ ஒட்டி வெட்டியது என்பதால் ஊர்க்காரர்களுக்கு இன்னும் இது "புது ஆறு". வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறப்பார்கள். சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே பிரிந்து இதில் ஓடும். கோடையில் வறண்டு கிடக்கும். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாளில் பாலத்தின் மேல் காற்றே வேறு மாதிரி இருக்கும். நின்று பார்த்தால் தெரியும்.

பையில் என்ன வேண்டும்

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு பருத்தித் துண்டு, நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள. குடை இருந்தால் நல்லது, தொப்பியைவிடக் குடைதான் உதவும். கழற்றி மாட்ட எளிதான செருப்பு. அடுத்து கோயிலுக்குப் போகப் போகிறீர்கள், ஷூ போட்டு வந்தால் லேஸை அவிழ்த்துக் கட்டுவதே வேலை. பாதம் தாங்காதவர்கள் பழைய காலுறை ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் நோட்டுகள் கொஞ்சம். தின்பண்டம் கொண்டுவந்தால் டிபன் டப்பாவிலோ மஞ்சப்பையிலோ கொண்டுவாருங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தடை இல்லாவிட்டாலும், காற்றில் பறக்கிற ஒவ்வொரு பையும் கடைசியில் குளத்தில்தான் போய் விழும்.

மூன்றரை, நான்கு மணிக்குப் பூங்கா

ஏன் பூங்காவை முதலில் வைக்கிறேன் என்றால், கருங்கல் சூட்டை விடாது. நான்கு மணிக்குக் கோயில் நடை திறந்துவிடும், ஆனால் பகலெல்லாம் வெயில் குடித்த தரை ஆறு மணி வாக்கில்தான் காலுக்கு அடங்கும். அந்த இரண்டு மணி நேரம் மரத்தடியிலும் குளக்கரையிலும் இருக்க வேண்டிய நேரம். மண்ணும் இலையும் கல்லைவிடச் சீக்கிரம் ஆறிவிடும்.

திறக்கும் நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும். வாயிலில் பலகை இருக்கும், அல்லது கிளம்பும்போது விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஞாபகத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் வயதுக்காரர்கள் சின்ன வயதில் மான் பார்த்தது, குட்டி ரயிலில் போனது எல்லாம் இங்கேதான். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பூங்கா சில வருடம் மூடிக் கிடந்து, வேலை முடிந்து திறந்தது. அன்று இருந்தது எல்லாம் இன்று இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டி வராதீர்கள், ஏமாந்துபோவார்கள்.

உள்ளே போனதும் பிள்ளைகள் ஊஞ்சலைப் பார்த்து ஓடுவார்கள். ஓடட்டும். பெரியவர்கள் நேரே குளத்துக்குப் போங்கள்.

குளம்தான் பூங்கா

தஞ்சாவூர் நகராட்சி 1866-ல் அமைந்தது. ஐந்தாறு வருடத்துக்குள், 1871-72-ல், மக்கள் வந்து உட்காரட்டும் என்று இந்தப் பூங்காவை அமைத்தார்கள். அரண்மனைத் தோட்டமாக இல்லாமல் ஊருக்குப் பொதுவாக வந்த தோட்டம். ஆனால் குளம் அவர்கள் வெட்டியது இல்லை. அது முன்பே இருந்தது, அதைச் சுற்றித்தான் பூங்கா வந்தது. அப்பர் தேவாரத்தில் வருகிற தஞ்சைத் தளிக்குளம் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. கோயிலும் இந்தக் குளமும் தோட்டமும் சேர்ந்து சிவகங்கைக் கோட்டைக்குள் அடங்கும். நாயக்கர் காலத்துக் கோட்டை. அதன் சுவரையும் அகழியையும் கோயிலைச் சுற்றி வரும்போது இன்றும் பார்க்கலாம்.

குளக்கரையில் நின்று முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? தஞ்சாவூர் டெல்டாவின் தலைமாட்டில் இருக்கிற ஊர் என்றாலும், காவிரியும் வெண்ணாறும் வெட்டாறும் ஊருக்கு வடக்கே தாழ்ந்த பக்கமாகப் போய்விடுகின்றன. பழைய நகரம் இருப்பது மேட்டில். ஆறு தானாக மேடேறி வராது. அதனால் மழையைப் பிடித்தார்கள். ஊருக்கு மேற்கே பதினாறாம் நூற்றாண்டில் சேவப்ப நாயக்கர் பெயரில் ஒரு ஏரி, சேவப்பனேரி. சேவப்பநாயக்கன்வாரி என்று இன்றும் அங்கே ஒரு குடியிருப்புப் பகுதிக்குப் பெயர். மழைத்தண்ணீர் ஏரியில் தங்கி, மண் அடியில் படிந்து, மேலே தெளிந்தது சுடுமண் குழாய் வழியாக நிலத்தடியிலேயே சிவகங்கைக் குளத்துக்கு வரும். இங்கிருந்து இன்னொரு குழாய் ஊருக்குள் இருக்கிற அய்யன்குளத்துக்குப் போகும். எந்த இயந்திரமும் இல்லை, நிலத்தின் சரிவு மட்டும். இதற்கு ஊரில் பெயர் ஜலசூத்திரம்.

இன்னொரு வழியும் உண்டு. பெரிய கோயிலின் அகன்ற கல்முற்றத்தில் விழுகிற மழையும் வீணாகாமல் வடிந்து இந்தக் குளத்துக்கு வர வழி செய்திருந்தார்கள். அதாவது கோயிலும் குளமும் தனித்தனிச் சுற்றுலாத் தலங்கள் இல்லை. அங்கே பெய்தது இங்கே நிற்கிறது. சிவகங்கைக் குளத்துத் தண்ணீருக்கு இனிப்பு என்று பெயர் இருந்தது. கோட்டைக்குள் இருந்தவர்கள் குடித்தது இதைத்தான். இந்தக் கதை தெரியாமல் பார்த்தால் சாதாரணக் குளம். தெரிந்துகொண்டு பார்த்தால் படிக்கட்டை விட்டு எழுந்து வர மனம் வராது.

குளத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள், அவசரமே வேண்டாம். நடுவில் ஒரு திட்டு, அதில் சிறு கோயில். கரையிலிருந்து கும்பிடலாம். அப்புறம் வடகரைப் பக்கம் ஒரு நிழலைப் பிடித்துத் தெற்கே பார்த்து உட்காருங்கள். மரங்களுக்கு மேலே பெரிய கோயிலின் விமானம், அதாவது கருவறைக்கு மேலே எழும்பி நிற்கும் கோபுரம், தெரியும். 216 அடி உயரம், 1010-ல் கட்டி முடித்தது. கோயிலுக்குள் நிற்கும்போது அண்ணாந்து அண்ணாந்து கழுத்துதான் வலிக்கும், முழு உருவமும் கண்ணில் அடங்காது. இங்கிருந்து பார்த்தால் அது ஊருக்கு நடுவில் எப்படி நிற்கிறது என்று புரியும். ஐந்தரை மணிக்கு மேல் விமானத்தின் மேற்குப் பக்கம் வெல்லப்பாகு நிறத்துக்கு வரும், வடக்குப் பக்கம் நிழல் விழுந்து சாம்பலாகும். நடுவில் அந்த மூலை கோடு போட்டதுபோல் கூர்மையாகத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான். போனில் எடுத்தால் சரியாக வராது, நான் பலமுறை முயன்றுவிட்டேன். கண்ணால் பாருங்கள்.

படிக்கட்டில் கவனம். தண்ணீரைத் தொடுகிற படி எப்போதும் பாசி பிடித்திருக்கும். பார்க்கக் காய்ந்ததுபோல இருக்கும், கால் வைத்தால் வழுக்கும். குழந்தைகளின் கையை விடாதீர்கள். மீனுக்குப் பொரி போடுகிற ஆசை எல்லோருக்கும் வரும். நிற்கிற தண்ணீர் இது, போட்டதில் மீன் தின்னாதது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். வேண்டாம்.

பக்கத்தில் ஒரு தேவாலயம்

பூங்காவை ஒட்டி ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. பலர் வெள்ளைச் சுவரை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 1779-ல் கட்டியது. ஸ்வார்ட்ஸ் ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார், தமிழ் உட்படப் பல மொழி கற்றவர், 1798-ல் தஞ்சாவூரில் இறந்தார். சரபோஜி மன்னர் சிறுவனாக இருந்தபோது அவரிடம் படித்தவர். ஆசிரியர் போன பிறகு, மன்னர் லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லி ஒரு சலவைக்கல் சிற்பம் செய்வித்து இங்கே வைத்தார். படுக்கையில் கிடக்கும் ஆசிரியர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளம் மன்னர். கப்பலில் அத்தனை தூரம் வந்த கல். உள்ளே போக முடிந்தால் அந்த இரண்டு கைகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஆராதனை நடக்கிற நேரமாக இருந்தால் வெளியே காத்திருங்கள். பூட்டியிருந்தால் அங்கே இருப்பவரிடம் பணிவாகக் கேளுங்கள்.

வெயில் தலைக்கேறினால்

எவ்வளவு சொன்னாலும் சிலர் பகலில் நடந்துவிடுவார்கள். நான் பெரியம்மாவுக்குச் செய்ததுபோல். அதனால் இதையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தலைசுற்றல், வாந்தி வருவதுபோல் இருப்பது, கெண்டைக்கால் இழுப்பது, இதெல்லாம் முதல் அறிகுறி. உடனே நிழல். உட்கார வைத்து அல்லது படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, நனைத்த துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். நல்ல நினைவோடு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். மருந்துக் கடையில் ஓஆர்எஸ் பொடி கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம், உப்பை அள்ளிப் போடக் கூடாது. உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீரை உடம்பின் மேல் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கக் கூடாத விஷயம் இது.

சாதாரண தாகத்துக்கு வழியிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கும். கோடையில் நுங்கும் இளநீரும். நன்னாரி சர்பத் குடிக்கிறவர்கள் ஐஸைக் குறைத்துக் கேளுங்கள். என்னைக் கேட்டால் பானை மோர்தான். அன்று பூக்கடை அம்மா பக்கத்து வண்டியிலிருந்து வாங்கிக் கொடுத்ததும் அதுதான். நீர்க்கக் கரைத்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு, பெருங்காயம் மணக்க. பெரியம்மா முதல் டம்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இரண்டாவது டம்ளரில் "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. அந்த அம்மா காசு வாங்க மறுத்துவிட்டார். "பூ வாங்கிக்கப்பா" என்றார். இரண்டு முழம் கதம்பம் வாங்கினோம்.

ஆறு மணிக்குக் கோயில்

இப்போது கோயிலுக்கு நடங்கள். மெதுவாக நடந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். சாலையைக் கடக்கும்போது பார்த்துக் கடக்க வேண்டும், பஸ் வேகமாக வரும். தரை இன்னும் சுட்டால் விரிப்பு போட்டிருக்கிற பாதையிலேயே நடங்கள், அல்லது திருச்சுற்று மாளிகை நிழலோடு ஒட்டிப் போங்கள். கோயிலைப் பற்றி எழுத இங்கே இடம் போதாது, எழுதவும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். முற்றத்தில் நடக்கும்போது கொஞ்சம் குனிந்து தரையைப் பாருங்கள். இந்தக் கல்லில் விழுந்த மழையைத்தான் சற்று முன் குளமாகப் பார்த்துவிட்டு வந்தீர்கள். இரவு எட்டரை வாக்கில் நடை சாத்துவார்கள். அதுவரை புல்தரையில் உட்கார்ந்திருக்கலாம்.

தெம்பு இருந்தால் அய்யன்குளம்

ஜலசூத்திரத்தின் கடைசி முனை மேலவீதிப் பக்கம் இருக்கிற அய்யன்குளம். வருடக்கணக்கில் தூர்ந்து கிடந்தது. சீர்செய்தபோது சிவகங்கைக் குளத்திலிருந்து வருகிற பழைய நிலத்தடிப் பாதையைக் கண்டுபிடித்துத் தூர்வாரி, திரும்பத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ சரிவு பார்த்துப் பதித்த வழியில் எங்கள் காலத்தில் தண்ணீர் வந்ததை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

கோயிலிலிருந்து ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம். "அய்யங்குளம்" என்று சொன்னாலே போதும், முகவரி தேவையில்லை. இரவு உணவை முன்பே முடித்துவிடாதீர்கள். இந்தப் பக்கம் இட்லிக்குக் கடப்பா என்று ஒரு தொடுகறி உண்டு, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துத் தேங்காய் அரைத்து விட்டது. சில கடைகளில் சில நாட்களில் மட்டும் போடுவார்கள், கேட்டுப் பாருங்கள்.

பெரியம்மாவை மறுநாளே திரும்பக் கூட்டிப் போனேன், மாலை நான்கு மணிக்கு. சிவகங்கைக் குளக்கரையில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை மண்ணில் வைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இந்தத் தண்ணி எங்கேருந்துடா வருது?" என்று கேட்டார்.